அடிக்கணக்கில் அளக்கப்படும் அச்சம்: ‘டேம் 999’ தடையும் கம்பம் பள்ளத்தாக்கும்

ஆய்வுச்சுருக்கம்

திரையில் காட்டப்படும் கொடூரத்தை இந்தியத் தணிக்கை முறை பார்வையாளரின் வயதைக் கொண்டே அளந்து வந்துள்ளது. 2011 நவம்பரில் தமிழ்நாடு அரசு தடைசெய்த ‘டேம் 999’ என்னும் ஆங்கிலப் படத்தைச் சுற்றி எழுந்த சிக்கலோ வயது பற்றியதன்று. பார்ப்பவர் வாழும் இடம் பற்றியது. அணை உடையும் காட்சி மலைக்கு மேற்கே வெள்ளத்தின் அச்சமாகவும், கிழக்கே கம்பம் பள்ளத்தாக்கில் வறட்சியின் அச்சமாகவும் பொருள்பட்டது. இவ்வேறுபாட்டைக் காண்பதற்குத் தணிக்கைச் சட்டத்தில் வழியில்லை என்பதையும், அந்த வெற்றிடத்தை மாநில அரசின் தடையாணை எவ்வாறு நிரப்பியது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: திகில் திரைப்படம், தணிக்கை, ‘டேம் 999’, முல்லைப் பெரியாறு, கம்பம் பள்ளத்தாக்கு, அச்சம், பொது ஒழுங்கு

முன்னுரை

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், அச்சம் பிறக்கும் இடங்களாக அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை ஆகிய நான்கைச் சுட்டுகிறது. திகில் திரைப்படங்களைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் முதல் மூன்றோடு நின்றுவிடுகின்றனர். பேயும், கொடிய விலங்கும், கொலைகாரனும் இவ்வகைப் படங்களின் நிலையான பாத்திரங்கள். நான்காவதாகிய ‘தம் இறை’, அதாவது தம்மை ஆளும் தலைமையிடம் தோன்றும் அச்சம், திரைக்கு வெளியே தணிக்கையாகவும் தடையாணையாகவும் நிற்கிறது. ஒரு படம் அஞ்சத்தக்கதா என்று பார்வையாளர் அறிவதற்கு முன்பே, அவர் அஞ்சலாமா என்று முடிவுசெய்யும் அதிகாரம் அது.

வெள்ளம் இந்நான்கினுள் வெளிப்படையாக இடம்பெறவில்லை. ஆயினும் அண்மைக்காலத் தமிழகத்தில் திரையில் காட்டப்பட்ட ஒரு வெள்ளமே நாடாளுமன்றம் வரை சென்ற தணிக்கைச் சர்ச்சைக்குக் காரணமாயிற்று. அப்படம் பேய்ப்படமன்று, குருதி தெறிக்கும் படமுமன்று. பேரழிவுப் படம் என்னும் வகையைச் சேர்ந்தது. எனினும், திரைக்காட்சி விளைவிக்கும் அச்சத்தை அரசு எவ்வாறு கையாள்கிறது என்பதைக் காட்டுவதில் எந்தப் பேய்ப்படத்தையும் விட அது தெளிவான சான்றாகிறது.

பேயல்லாத பேயும் ‘ஏ’ சான்றிதழும்

தமிழ்த் திரைப்படங்களில் முதன்முதலில் ‘ஏ’ சான்றிதழ் பெற்றதாகத் திரை வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுவது 1951இல் ஜூபிடர் நிறுவனம் வெளியிட்ட ‘மர்மயோகி’. கே. ராம்நாத் இயக்கி, எம்.ஜி.ஆர். நடித்த அப்படத்தில் ஆபாசம் எனக் கருதத்தக்க காட்சி எதுவும் இல்லை. ஆவியாகத் தோன்றும் மன்னரின் காட்சிகளே அச்சான்றிதழுக்குக் காரணம். கதைப்படி அந்த மன்னர் இறக்கவும் இல்லை. உயிர்பிழைத்தவர், தம்மைக் கொல்ல முயன்றவளை அச்சுறுத்த ஆவி வேடம் பூணுகிறார். படம் முடியும்போது பேய் என்று ஒன்று இல்லை என்பது தெளிவாகிவிடுகிறது. இருந்தும் தணிக்கையாளர்கள் கருத்திற்கொண்டது கதையின் முடிவையன்று. காட்சி நிகழும் கணத்தில் சிறுவர் அடையக்கூடிய நடுக்கத்தையே.

இதில் ஒரு நெறி அடங்கியிருக்கிறது. அச்சம் தனி மனிதரின் உடலில் நிகழ்வது. உடலின் முதிர்ச்சி வயதால் அறியப்படுவது. ஆகவே வயதால் பிரித்தால் போதும். 1952ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டமும் அதன்பின் வந்த வழிகாட்டு நெறிகளும் இதே தடத்தில் அமைந்தன. 1991 டிசம்பரில் வெளியிடப்பட்ட நெறிகள், தேவையற்ற அல்லது தவிர்க்கக்கூடிய வன்முறை, கொடுமை, திகில் ஆகியவை காட்டப்படலாகாது என்கின்றன. மக்களின் உணர்வை மரத்துப்போகச் செய்யும் காட்சிகளையும் விலக்குகின்றன. ‘தேவையற்ற’ என்பதை யார், எதைக்கொண்டு முடிவுசெய்வது என்பதற்கு அவற்றில் விளக்கம் இல்லை. 1983இல் வாரியத்தின் பெயரிலிருந்த ‘தணிக்கை’ என்னும் சொல் நீங்கிச் ‘சான்றளிப்பு’ என்று மாறியபோதும் வெட்டும் அதிகாரம் மாறவில்லை.

நீதிமன்றங்கள் இந்நெறியைச் சற்று நெகிழ்த்தின. கே.ஏ. அப்பாஸ் வழக்கில் 1970இல் உச்ச நீதிமன்றம் முன்தணிக்கையை ஏற்றது. அசையும் படம் பிற கலைகளை விட ஆழமாக உணர்வைத் தூண்டுகிறது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். ‘பேண்டிட் குயின்’ படம் குறித்த 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பில், கொடூரமான காட்சி காண்பவரிடத்து இச்சையை எழுப்புகிறதா, அருவருப்பையும் இரக்கத்தையும் எழுப்புகிறதா என்று முழுப் படத்தின் சூழலில் வைத்துக் காண வேண்டும் என்ற நிலை வலுப்பெற்றது. கொடூரத்தின் அளவைவிட அதன் பயனே முக்கியம் என்பது இதன் சாரம்.

தேனி மண்ணுக்குத் திகில் திரைப்படம் அயலானதன்று. அல்லிநகரத்தைச் சேர்ந்த பாரதிராஜா, சிற்றூர்க் கதைகளின் இயக்குநர் என்று அறியப்பட்டிருந்த வேளையில், 1978இல் ‘சிகப்பு ரோஜாக்கள்’ படத்தை எடுத்தார். பெண்களைக் கொன்று ரோசாத் தோட்டத்தில் புதைக்கும் ஒருவனின் கதை அது. பண்ணைப்புரத்து இளையராஜாவின் இசை அதன் திகிலில் பாதி. இப்படம் எழுப்பும் வினாக்கள் அனைத்தும் மேற்குறித்த நெறிக்குள் அடங்குவன: பெண்ணுடல் மீதான வன்முறை எவ்வளவு காட்டப்படலாம், யாருக்குக் காட்டப்படலாம் என்பனவே அவை. அதன் அச்சம் எந்த ஊருக்கும் உரியதன்று. மதுரையில் பார்த்தாலும் மும்பையில் பார்த்தாலும் ஒன்றே; அதனால்தான் இரண்டே ஆண்டுகளில் இந்தியில் ‘ரெட் ரோஸ்’ ஆக மாறவும் முடிந்தது.

பிற்காலத் தமிழ்ப் பேய்ப்படங்கள் நகைச்சுவையோடு கலந்து குடும்பப் படங்களாக ஆனதற்கு வருவாய் சார்ந்த காரணமும் ஒன்றுண்டு. 2011இல் தமிழ்நாடு அரசு கேளிக்கை வரிவிலக்குக்கு ‘யு’ சான்றிதழை ஒரு நிபந்தனையாக்கியது. 2017இல் சரக்கு மற்றும் சேவை வரி வரும்வரை அந்நிலை நீடித்தது. வெட்டாமலேயே வெட்டும் தணிக்கை இது. இதனைத் தனியே ஆராய்வது தகும். இங்கு இவ்வளவில் நிற்கலாம்.

அடிக்கணக்கில் ஓர் அச்சம்

கம்பம் பள்ளத்தாக்கின் நீர் வரலாறு ஆய்வுலகம் நன்கறிந்தது. 1886 அக்டோபர் 29இல் திருவிதாங்கூர் மன்னருக்கும் பிரித்தானிய இந்திய அரசுக்கும் இடையே 999 ஆண்டுகளுக்குக் குத்தகை ஒப்பந்தம் ஏற்பட்டது. ஜான் பென்னிகுயிக் தலைமையில் 1895இல் அணை கட்டி முடிக்கப்பட்டது. மேற்கு நோக்கி ஓடிய பெரியாற்று நீர், தேக்கடியிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கம் வழியே கிழக்கே திருப்பப்பட்டது. இன்று அந்நீர் லோயர் கேம்ப் மின்நிலையத்தையும் இரைச்சல் பாலத்தையும் கடந்து, கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வயல்களுக்குப் பாய்ந்து வைகை அணையைச் சேர்கிறது. பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய ஐந்து மாவட்டங்கள் இந்நீரைச் சார்ந்துள்ளன.

திரைப்படச் சர்ச்சையைப் புரிந்துகொள்ள இவ்வரலாற்றில் 1979ஆம் ஆண்டே முதன்மையானது. அவ்வாண்டு ஆகஸ்ட் 11இல் குஜராத்தில் மச்சு அணை உடைந்து மோர்வி நகரம் அழிந்தது. முல்லைப் பெரியாறு அணையின் வலிமை குறித்துக் கேரளத்தில் எழுந்த ஐயமும் அவ்வாண்டே உச்சமடைந்தது. பலப்படுத்தும் பணிகளுக்காக நீர்மட்டம் 152 அடியிலிருந்து 136 அடியாகக் குறைக்கப்பட்டது. மேற்புறக் கான்கிரீட் தொப்பி, இரும்புக் கம்பிவட நங்கூரம், பின்புறக் கான்கிரீட் சுவர் எனப் பணிகள் நடந்தன, நீர்மட்டமோ உயர்த்தப்படவில்லை. 2006 பிப்ரவரி 27இல் உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு இசைவளித்தது. அடுத்த மாதமே கேரளம் சட்டத்திருத்தம் இயற்றி 136 அடியை நிலைநிறுத்தியது. 2014 மே 7இல் அச்சட்டம் செல்லாதென அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்த பின்னரே, அவ்வாண்டு நவம்பரில் நீர் 142 அடியைத் தொட்டது. இடையில் கழிந்தவை 35 ஆண்டுகள்.

வேறெங்கும் அச்சம் என்பது மனநிலை. இப்பள்ளத்தாக்கில் அதற்கு அளவுகோல் உண்டு: மேற்கே ஐயம் கூடினால் கிழக்கே நீர்மட்டம் அடிக்கணக்கில் குறையும். அணை உடையும் என்னும் கற்பனையைப் பள்ளத்தாக்கு மக்கள் ‘வெறும் கற்பனை’ என்று ஒதுக்க இயலாமற்போனதன் காரணம் இதுவே. அவர்கள் அக்கற்பனையின் விலையை ஒருமுறை கொடுத்தவர்கள்.

‘டேம் 999’

கேரளத்தைச் சேர்ந்த கப்பல் பொறியாளர் சோகன் ராய் இப்படத்தின் இயக்குநர். அணைகளை நீர்க்குண்டுகளாகச் சித்திரித்து ஓர் ஆவணப்படத்தை முன்னரே எடுத்தவர். 1975 ஆகஸ்டில் சீனத்தின் ஹெனான் மாநிலத்தில் பான்சியாவ் அணை உடைந்த பேரழிவே தம் படத்துக்குத் தூண்டுதல் என அவர் கூறினார். வினய், விமலா ராமன், ஆசிஷ் வித்யார்த்தி முதலியோர் நடித்தனர். முப்பரிமாணத்தில் எடுக்கப்பட்ட படம் 2011 நவம்பர் 25இல் வெளியாகவிருந்தது.

முல்லைப் பெரியாறு என்னும் பெயர் படத்தலைப்பில் இல்லை. ஆனால் தலைப்பிலேயே 999 என்னும் எண் இருந்தது. குத்தகைக் காலத்தை எழுத்தறியாத உழவரும் அறிந்திருந்த ஒரு நிலப்பகுதியில், அந்த எண்ணுக்கு வேறு விளக்கம் சொல்ல இயலாது. தூண்டுதல் சீனம் என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் எண் ஒன்றே படத்தைப் பெரியாற்றின் கரையில் கொண்டுவந்து நிறுத்திவிட்டது.

வெளியான காலமும் எண்ணத்தக்கது. 2011 சூலை முதல் இடுக்கி மாவட்டத்தில் சிறு நில அதிர்வுகள் உணரப்பட்டன. நவம்பரிலும் அவை தொடர்ந்தன. புதிய அணை வேண்டுமென்ற கோரிக்கை கேரளத்தில் வலுத்தது. உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி ஏ.எஸ். ஆனந்த் குழு தன் பணியை இன்னும் முடித்திருக்கவில்லை. அதன் அறிக்கை 2012 ஏப்ரலில்தான் அளிக்கப்பட்டது. அணையின் வலிமையைப் பொறியியல் சான்றுகளைக் கொண்டு ஆராய்ந்துகொண்டிருந்த வேளையில், அதே வினாவுக்கு முப்பரிமாணத்தில் ஒரு விடை தயாராயிற்று என்று தமிழ்நாட்டில் கருதப்பட்டது.

எதிர்ப்பு விரைவாகப் பரவியது. சென்னையில் முன்னோட்டக் காட்சி நடைபெறவிருந்த இடத்தில் மறுமலர்ச்சி திராவிட முன்னேற்றக் கழகத்தினர் போராடினர். திரையரங்க உரிமையாளர்கள் படத்தை வெளியிடுவதில்லை என அறிவித்தனர். தமிழக உறுப்பினர்கள் நாடாளுமன்றத்தில் குரலெழுப்பினர். வெளியீட்டுக்கு முந்தைய நாள் தமிழ்நாடு அரசு தடைவிதித்தது. இயக்குநர் உச்ச நீதிமன்றத்தை நாடியபோதும் படம் தமிழ்நாட்டுத் திரையரங்குகளுக்கு வரவில்லை.

இரு அதிகாரங்கள், ஒரு படம்

மைய வாரியம் சான்றளித்த படத்தை மாநிலம் எவ்வாறு நிறுத்த முடிந்தது என்பது விளக்கத்தக்கது. அரசியல் சாசனத்தின் ஏழாம் அட்டவணையில், திரையிடலுக்கு இசைவளிப்பது ஒன்றியப் பட்டியலின் 60ஆம் பதிவு. திரையரங்குகள் மாநிலப் பட்டியலின் 33ஆம் பதிவு. படம் ஒன்றியத்துக்கும் கொட்டகை மாநிலத்துக்கும் உரியன. கொட்டகையின் மீதான அதிகாரத்தில் தமிழ்நாடு 1955இல் இயற்றிய திரையரங்குகள் ஒழுங்குமுறைச் சட்டம், பொது அமைதி குலையக்கூடும் எனக் கருதினால் ஒரு படத்தின் திரையிடலை நிறுத்திவைக்க அரசுக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் அதிகாரமளிக்கிறது. உத்தரப்பிரதேசத்திலும் இதே ஆண்டில் இயற்றப்பட்ட இதுபோன்ற சட்டம் உண்டு.

அந்த உத்தரப்பிரதேசச் சட்டத்தின் வழி ‘ஆரக்‌ஷண்’ படத்துக்கு விதிக்கப்பட்ட தடையை உச்ச நீதிமன்றம் 2011 ஆகஸ்டில் நீக்கியிருந்தது. ‘டேம் 999’ தடைக்கு மூன்று மாதம் முந்தைய தீர்ப்பு அது. வாரியம் ஆராய்ந்து சான்றளித்த பின், சட்டம் ஒழுங்கைக் காரணங்காட்டி மாநிலம் படத்தை முடக்கலாகாது. ஒழுங்கைக் காப்பது மாநிலத்தின் கடமையே என்பது அதன் கருத்து.

இதற்கு வேரான தீர்ப்பும் தமிழ்நாட்டு வழக்கொன்றில் பிறந்ததே. கவிஞர் வாலியின் கதையில் உருவான ‘ஒரே ஒரு கிராமத்திலே’ படம் இடஒதுக்கீட்டைக் குறைகூறுகிறது என்பதால் அதன் ‘யு’ சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியது. 1989 மார்ச் 30இல் உச்ச நீதிமன்றம் அதனை மீட்டளித்தது. கருத்துக்கும் அதனால் விளையும் கேட்டுக்கும் இடையிலான தொடர்பு வெடிமருந்துப் பீப்பாய் அருகே விழும் பொறி போல் நேரடியாகவும் உடனடியாகவும் இருத்தல் வேண்டும் என்பது அத்தீர்ப்பு வகுத்த அளவை. எதிர்ப்பாளர்களின் அச்சுறுத்தலுக்கு அடிபணிவது சட்டத்தின் ஆட்சியைக் கைவிடுவதாகும் என்றும் அது கருதியது.

இவ்வளவையின்படி நோக்கின் ‘டேம் 999’ தடை எளிதில் நிற்காது என்றே தோன்றும். ஆனால் பொறி விழுந்த இடத்தில் வெடிமருந்து உண்மையாகவே இருந்ததா என்னும் வினாவைத் தவிர்க்க இயலாது. தடைக்கு அடுத்த வாரங்களில் நிகழ்ந்தவை கண்முன் உள்ளன. டிசம்பரில் குமுளி எல்லையில் மோதல் மூண்டது. ஏலத்தோட்டங்களில் கூலிவேலைக்குச் சென்ற தமிழ்ப் பெண்கள் தாக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. கூடலூரிலும் கம்பத்திலும் கடைகள் அடைக்கப்பட்டன. பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் லோயர் கேம்ப் வழியே எல்லை நோக்கி நடந்தனர். தடையுத்தரவுகள் பிறப்பிக்கப்பட்டன. டிசம்பர் 15இல் தமிழ்நாடு சட்டமன்றம் சிறப்புக் கூட்டம் கூடித் தீர்மானம் நிறைவேற்றியது.

இவை அனைத்தும் படம் திரையிடப்படாமலேயே நிகழ்ந்தவை என்பதை மறத்தலாகாது. தடை அமைதியைக் காத்தது என்று சொல்ல இதில் சான்றில்லை, அமைதி குலைந்தேவிட்டது. படம் வந்திருந்தால் நிலை இன்னும் மோசமாகியிருக்கும் என்போர் உளர். அதனை மெய்ப்பிக்கவோ மறுக்கவோ இயலாது. பொது ஒழுங்கு என்னும் காரணத்தின் வலுவின்மை இதுதான்: நிகழாத ஒன்றே அதற்கு எப்போதும் சான்றாக நிற்கிறது. 2013 சனவரியில் ‘விஸ்வரூபம்’ படத்துக்கு மாவட்டந்தோறும் 144ஆம் பிரிவின்கீழ்த் தடை வந்தபோதும் இதே வாதமே முன்வைக்கப்பட்டது. அதில் தேனியும் அடங்கும்.

மலையின் இரு பக்கம்

இச்சர்ச்சையில் அதிகம் பேசப்படாத செய்தி ஒன்று நிலவியல் சார்ந்தது. முல்லைப் பெரியாறு அணை உடைந்தால் வெள்ளம் மேற்கே வண்டிப்பெரியாறு வழியாக இடுக்கி நோக்கிப் பாயும். கம்பம் பள்ளத்தாக்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் மறுபுறம் உள்ளது. அங்கு அந்த வெள்ளத்தின் ஒரு துளியும் வாராது. ஆக, திரையில் காட்டப்படும் அழிவு எவர் ஊரை அழிக்குமோ, அவர் வாழும் கேரளத்தில் படம் தடையின்றி ஓடியது. அவ்வழிவு எந்நாளும் எட்ட முடியாத தமிழ்நாட்டில் அது தடைசெய்யப்பட்டது.

அச்சத்தை வயதால் மட்டும் அளக்கும் நெறிக்கு இது புதிராகவே தோன்றும். அழிவின் காட்சியால் நடுங்க வேண்டியவர் நடுங்கவில்லை என்றும், நடுங்கத் தேவையில்லாதவர் நடுங்கினர் என்றும் படும். உண்மையில் இரு பக்கத்தாரும் அஞ்சினர். அஞ்சிய பொருள்கள்தாம் வேறு. மேற்கே பார்வையாளர் வெள்ளத்தைக் கண்டு அஞ்சினர். கிழக்கே இருந்தவர், மேற்கே இருப்பவர் அஞ்சுவதைக் கண்டு அஞ்சினர். ஓர் அச்சத்தைப் பற்றிய அச்சம் இது. அதன் முடிவில் அவர்கள் கண்டது நீர் சூழ்ந்த ஊரையன்று. ஆற்றில் நீர் வராத சூன் மாதத்தையும் நாற்றங்கால் காய்ந்த வயலையுமே. அக்காட்சி படத்தில் எங்கும் இல்லை. பேரழிவுப் படம் அதனை எடுக்கவும் செய்யாது. வறட்சி மெதுவாக வருவது, முப்பரிமாணத்துக்கு ஏற்றதன்று.

இந்த அச்சம் பகுத்தறிவுக்கு மாறானது எனத் தள்ளிவிட முடியாமற்செய்வது 1979ஆம் ஆண்டின் முன்னிகழ்வு. அதேவேளை, வண்டிப்பெரியாற்றில் வாழ்வோரின் அச்சத்தைப் பொய் எனக் கொள்வதும் நேர்மையன்று. நூறாண்டு கடந்த சுண்ணாம்புச் சுர்க்கிக் கட்டுமானத்தின் கீழ் உறங்குபவருக்கு வல்லுநர் குழுவின் அறிக்கை ஆறுதலாவது எளிதன்று. தோட்டங்கள் நிறைந்த அப்பகுதியில் தமிழ்க் குடும்பங்களும் பல தலைமுறைகளாக வாழ்கின்றன என்பது இரு மாநில அரசியலிலும் வசதியாக மறக்கப்படுகிறது. அவர்களுக்கு வெள்ளம், வறட்சி என்னும் இரண்டில் ஒன்றைத் தேர்வது எளிதாயிராது. உறவினர் கூடலூரில், வீடு அணைக்குக் கீழே.

திகில் படக் கோட்பாட்டாளர்கள் ஓர் உடன்பாட்டைப் பற்றிக் கூறுவதுண்டு: பார்வையாளர் காட்டப்படுவது பொய் என்று அறிந்தே அஞ்சுகிறார், விளக்கு எரிந்ததும் அச்சம் நீங்குகிறது, அந்த நீக்கமே இன்பம். ‘மர்மயோகி’யின் ஆவிக்கும் ‘சிகப்பு ரோஜாக்க’ளின் தோட்டத்துக்கும் இது பொருந்தும். ‘டேம் 999’க்குப் பொருந்தாது. விளக்கு எரிந்த பின்னும் அணை அங்கேயே இருக்கிறது, வழக்கும் இருக்கிறது. இத்தகைய படத்தின் அச்சம் கொட்டகையை விட்டு வெளியேறி வாக்காகவும் மனுவாகவும் சட்டத்திருத்தமாகவும் மாறக்கூடியது. அதனாலேயே அதற்குப் பாதுகாப்பும் மிகுதியாக வேண்டும் என்று வாதிடலாம். பொதுப்பிரச்சினை பற்றிய பேச்சே கருத்துரிமையின் மையம். அதனாலேயே அது தடைசெய்யத்தக்கது என்று அரசு வாதிட்டது. இரண்டுள் முதலாவதே சட்டப்படி வலுவானது. 2018 சனவரியில் ‘பத்மாவத்’ படத்துக்கு மாநிலங்கள் விதித்த தடைகளை உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தமையும் இதனை உறுதிசெய்கிறது. ஆயினும் முதல் வாதம் பள்ளத்தாக்கின் உழவருக்கு எந்தப் பதிலையும் தருவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சான்றளிப்பின் எந்தக் கட்டத்திலும் அவர் கருத்தைக் கேட்பதற்கு இடமில்லை. கேட்கப்படாதவர் தெருவுக்கு வருகிறார். தெருவைக் காரணங்காட்டி அரசு தடைவிதிக்கிறது. அத்தடையை நீதிமன்றம் கருத்துரிமைக்கு எதிரானது என்கிறது. இச்சுழற்சியில் அணை பற்றிய வாதம் எங்கும் நிகழவேயில்லை.

நெடும்பள்ளி அணை

பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் இதே காட்சி மீண்டும் அரங்கேறியது. 2025 மார்ச் 27இல் வெளியான ‘எல்2: எம்புரான்’ என்னும் மலையாளப் படத்தில் நெடும்பள்ளி என்னும் புனைபெயரில் ஓர் அணையும் அதன் அழிவு பற்றிய பேச்சும் இடம்பெற்றன. இயக்குநர் பிருத்விராஜ் 2021 அக்டோபரில் முல்லைப் பெரியாறு அணையை அகற்ற வேண்டுமெனச் சமூக ஊடகத்தில் எழுதியபோதே தேனியில் எதிர்ப்பு எழுந்திருந்தது. ஆகவே புனைபெயரை எவரும் புனைபெயராகக் கொள்ளவில்லை. தேனி மாவட்ட உழவர் அமைப்புகள் கண்டித்தன. தமிழ்நாடு சட்டமன்றத்திலும் இது எழுப்பப்பட்டது.

எனினும் இந்தியா முழுவதும் இப்படம் சர்ச்சைக்குள்ளானது வேறொரு காரணத்தால்: 2002 குஜராத் கலவரத்தை நினைவூட்டும் தொடக்கக் காட்சிகளின் கொடூரம். தயாரிப்பாளர்களே முன்வந்து 24 இடங்களில் வெட்டி மறுசான்றிதழ் பெற்றனர். பெண்கள் மீதான வன்முறைக் காட்சிகளும் எதிர்நாயகனின் பெயரும் இவ்வெட்டுகளில் அடங்கின. அணை தொடர்பான பகுதியும் நீக்கப்பட்டதாகச் சட்டமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. இம்முறை தடையாணை இல்லை; நீதிமன்ற வழக்கின் வழியாக ஒரு நெறியும் பிறக்கவில்லை. வாரியம் ஏற்கெனவே இசைவளித்த காட்சிகளை எவர் கோரினர், எக்காரணத்தால் நீக்கப்பட்டன என்பதற்கு வெளிப்படையான ஆணை என எதுவும் பார்வையாளர் கைக்கு வரவில்லை. 2011ஆம் ஆண்டின் தடையை எதிர்த்து வழக்காடவேனும் முடிந்தது. தாமே முன்வந்து செய்த வெட்டை எதிர்த்து வழக்காட எவருக்கும் வழியில்லை. தணிக்கை ஆய்வில் இவ்வேறுபாடு கூடுதல் கவனம் பெறத்தக்கது.

2023ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் ‘யு/ஏ’ பிரிவை 7, 13, 16 வயது என மூன்றாகப் பகுத்துள்ளது. ‘எம்புரான்’ பெற்றது 16 வயதுக்குரிய சான்றிதழ். மலைக்கு மேற்கே வாழும் பதினாறு வயதினரும் கிழக்கே வாழும் பதினாறு வயதினரும் அச்சான்றிதழில் ஒருவரே.

பள்ளத்தாக்கிலிருந்து காட்சிக்குக் காட்சியாகவே எழுந்த ஒரு மறுமொழியும் உண்டு. பொதுப்பணித்துறையில் பணியாற்றிய மூத்த பொறியாளர்கள், அணையில் செய்யப்பட்ட பலப்படுத்தும் பணிகளை வரைகலையின் துணையோடு விளக்கும் ஓர் ஆவணப்படத்தை வெளியிட்டனர். நங்கூரக் கம்பிவடங்கள் கட்டுமானத்தைத் துளைத்துப் பாறையில் எவ்வாறு பிணைக்கப்பட்டன, பின்புறக் கான்கிரீட் எடையை எவ்வாறு தாங்குகிறது என்பன அதில் பொறுமையாகச் சொல்லப்படுகின்றன. அதில் அணை உடைவதில்லை. உடையாத அணையைக் காண எவரும் நுழைவுச்சீட்டு வாங்குவதும் இல்லை. ‘டேம் 999’ பற்றி எழுதப்பட்டவற்றில் அவ்வாவணப்படத்தை ஒப்பிட்டு நோக்கும் முயற்சி அரிதாகவே காணப்படுகிறது.